அம்மன் கொடுத்த தண்ணீர்

போர்வெல் எப்படி இறங்குகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சாப்பிட உட்கார்ந்த காளியப்பன் சோற்றை மறந்துவிடுவான். கல்லைத் துளைப்பது இரும்பு இல்லை, காற்று என்பான். லாரிமேல் நிற்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்திக் குழாய்க்குள் அனுப்புகிறது. அந்தக் காற்றுதான் அடியில் இருக்கும் சுத்தியலை ஓயாமல் அடிக்க வைக்கிறது. உடைந்த கல்லைத் தூளாக மேலே தள்ளிக்கொண்டு வருவதும் அதே காற்றுதான். "கல்லு நம்மகிட்டப் பேசுமுங்க. தூளோட நெறத்தப் பாத்தாப் போதும். செவப்புன்னா இன்னும் மண்ணு. சாம்பல்னா பாறை. தூள் பறக்கறது நின்னு சேறா வழிஞ்சா, தண்ணி பக்கத்துல வந்தாச்சு."

திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவன் டிரில்லர். சத்தீஸ்கர் வரை போய்க் குழி போட்டவன். எது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்கும். ஏன் என்று கேட்கவேண்டிய நிலைமை அவனுக்கு நாற்பத்தாறாம் வயதில் வந்தது, மகள் தீபிகாவின் முழங்கால் வழியாக.

தீபிகாவுக்குப் பதினொரு வயது. நேராக நின்றால் இரண்டு முழங்காலும் ஒட்டிக்கொள்ளும். பாதங்கள் இரண்டு சாண் தள்ளி நிற்கும். முதலில் எடை என்றார்கள், பிறகு சத்துக் குறைவு என்றார்கள். காளியப்பன் மாத்திரை வாங்கித் தந்தான். அவன் மனைவி அங்காளம்மாள் பிள்ளைக்கென்று தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தாள். கால் வளைந்துகொண்டே போனது. கடைசியில் சேலத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனார்கள். அவர் காலைப் பார்க்கவே இல்லை. "வாயைத் திற பாப்பா" என்றார். பல்லில் குறுக்கே பழுப்புக் கோடுகள்.

"எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"எங்கூரு அம்மன் கோயில் போருங்க" என்றான் காளியப்பன். "தித்திப்பா இருக்குமுங்க. நான் போட்டதுதான்."

டாக்டரின் பேனா நின்றது. பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். ஆழத்துப் பாறையில் நூற்றுக்கணக்கான வருடம் தங்கிய தண்ணீர் பாறையை நக்கிக்கொண்டே கிடக்கிறது. பாறையில் இருக்கும் ஃபுளோரைடு அதில் கரைந்துவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. வளரும் பிள்ளையின் உடம்பு எலும்பு கட்டும்போது இந்தப் பொருள் செங்கலுக்குள் புகுந்துகொள்கிறது. எலும்பு பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், ஆனால் பாரம் தாங்காமல் வளையும். காய்ச்சினால் கிருமி சாகும். இது கிருமி இல்லை, கல். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், கல் பாத்திரத்திலேயே நிற்கும்.

அங்காளம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஆபரேஷன் பண்ணி நிமித்தலாம். ஆனா தண்ணிய மாத்தாம நிமித்தினா திரும்ப வளையும்" என்றார் டாக்டர். "உங்க ஊர்ல இந்த மாதிரிப் பல்லு எத்தன குழந்தைங்களுக்கு இருக்கு?"

பஸ்ஸில் திரும்பும்போது காளியப்பன் விரல்விட்டு எண்ணினான். பதினாலு. அதில் மூன்று பேருக்குக் கால் வளையத் தொடங்கிவிட்டது. வெற்றிலை போடாத பிள்ளைகளுக்குப் பல் எப்படிக் காவியேறுகிறது என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில் அறுபது வீடுகள் கொண்ட ஊர் கல்லாங்காட்டூர். ஆறு வருடத்துக்கு முன்புவரை ஊருக்குப் பொதுவாக இருந்தது ஒரே ஒரு உப்புக் கிணறு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. காளியப்பன் தன் முதலாளியிடம் கெஞ்சி வண்டியை இரண்டு நாள் இனாமாகக் கேட்டு ஊருக்குக் கொண்டுவந்தான். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடம் அம்மன் கோயில் நிலத்தில் விழுந்தது. கோயில் தர்மகர்த்தா அங்கமுத்து, அம்மனிடம் பூக் கேட்காமல் அங்கே கம்பி இறக்கக் கூடாது என்றுவிட்டார்.

பூக் கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லாக் காரியத்துக்கும் உண்டு. யார் கேட்கிறார்களோ அவர்கள் வீட்டில் இரண்டு பொட்டலம் கட்டவேண்டும். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் முன்னால் வைப்பார்கள். வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அது அப்படியே மழைக்கு மட்டும் தேங்கும் ஏரியில் போய்விடும்.

அந்தப் பொட்டலங்களைக் கட்டியவன் காளியப்பன். இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தான்.

அம்மனை ஏமாற்றுகிறோம் என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை. வண்டி ஞாயிற்றுக்கிழமை சத்தீஸ்கர் கிளம்பியாகவேண்டும், திரும்ப ஒரு வருடம் ஆகும். நல்ல காரியம் ஒன்று ஒரு பூவால் தட்டிப் போகக் கூடாது. தளர்ந்த போல்ட்டை ஒரு திருகு கூடுதலாக முறுக்குவது போலத்தான் செய்தான். பொட்டலம் எடுத்த பெண்பிள்ளை ஐந்து வயது தீபிகா. வெள்ளை வந்தது. நாற்பத்தேழு ராடு, தொள்ளாயிரத்து நாற்பது அடி. சேறு வழிந்து, பிறகு பனை உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டபோது ஊரே அதில் நனைந்தது. முதல் குடம் அம்மனுக்கு ஊற்றி, மிச்சத்தை ஆளுக்கு ஒரு கை குடித்தார்கள். "கல்கண்டாட்டம் இருக்குது!" என்றார் அங்கமுத்து. அடுத்த வாரமே, பிள்ளைகள் விழுந்துவைக்கும் என்று உப்புக் கிணற்றைக் கல்லும் தூளும் கொட்டி மூடினார்கள். அந்தத் தூளை அள்ளிப் போட்டதும் அவன்தான்.

இரண்டு வெள்ளைப் பூவின் சங்கதி அங்காளம்மாளுக்குக்கூடத் தெரியாது.

டாக்டர் போட்ட படம் அவனுக்கு நன்றாகவே புரிந்தது. அதில்தான் சிக்கல். படத்தில் பாறை இருந்தது, தண்ணீர் இருந்தது, எலும்பு இருந்தது. குற்றம் செய்தவன் எங்கேயும் இல்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பரிகாரம் இருக்கும். மொட்டை போடலாம், தீச்சட்டி எடுக்கலாம், மண்டியிட்டுக் கேட்கலாம். வெறும் பாறை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? அவனுக்கு அந்த இரண்டு பூவே காரணமாக இருந்தால் தேவலை என்று இருந்தது. யாராவது ஒருவர், ஆமாம், உன் பாவம்தான் என்று சொல்லிவிட்டால் போதும்.

தண்ணீரைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஜீவானந்தம் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டுச் சில சொட்டு மருந்து போடவேண்டும். ஃபுளோரைடு குறைவு என்றால் இளஞ்சிவப்பாகவே நிற்கும். கூடக் கூட மஞ்சளுக்குப் போகும். போர்க் குழாய் போகாத மேற்கு வீதி நாலு வீட்டுக்காரர்கள் எடுக்கும் தோட்டத்துக் கிணற்றுச் சப்பைத் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. போர்த் தண்ணீர் பழுத்த எலுமிச்சைபோல மஞ்சளானது. காளியப்பன் மூன்று தடவை செய்யச் சொன்னான். மூன்று தடவையும் மஞ்சள்.

"சார், நீங்க சர்ச்சுக்குப் போறவரு. உங்க சாமி இதுக்கு என்னங்க சொல்லுது?"

"எதுக்குங்க?"

"ஒருத்தன் ஒரு தப்புப் பண்ணிப்போட்டான். அதுக்கு அவன் புள்ளயப் புடிக்குமா?"

ஜீவானந்தம் குழாயைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "நான் நம்பற சாமி அப்படிப் பழி தீர்க்கறவர் இல்லீங்க. கஷ்டப்படறவன் பக்கத்துல வந்து உட்காந்துக்குவார். சிலுவையில தொங்கறதே அதுக்குத்தான்னு நினைக்கறேன்."

"கூட உக்காந்து அழுவுற சாமிய வெச்சுட்டு என்னங்க சார் பண்றது? எந்திரிச்சுப் போயி மோட்டார நிறுத்துவாருங்களா?"

வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. "என் சம்சாரம் போனப்ப நானும் இதையேதான் கேட்டேன். பதில் வரலை. தனியா இல்லைன்னு மட்டும் ஒரு நினைப்பு வந்துச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியலீங்க." பெட்டியை மூடினார். "மனு எழுதித் தர்றேன். அது எனக்கு நல்லா வரும்."

மனு போனது. குடிநீர் வாரியத்து ஆள் வந்து இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போனார். காவிரிக் குழாய் இந்த ஊர்வரை வர இரண்டு வருடமாவது ஆகும் என்று சொன்னார். இரண்டு வருடத்தில் தீபிகாவுக்குப் பதின்மூன்று ஆகிவிடும்.

அப்துல் ரவூப் வாரத்துக்கு இரண்டு தடவை பைக்கில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு வந்தான். சேலம்காரன், காளியப்பனோடு அதே போர்வெல் வண்டியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தக் குழிக்குக் காற்றுக் கொடுத்தவனும் அவன்தான்.

"சோதனை காளி. தாங்கறவனுக்குத்தான் ஆண்டவன் குடுப்பான்."

"பரீச்சை எனக்குன்னா என்னையல்ல உக்கார வெக்கோணும் பாய்? என்ற புள்ள எதுக்கு எழுதுது?"

ரவூப் கேனைத் தோளில் வைத்தபடியே நின்றான். "தெரியல. தெரியலைன்னு ஒத்துக்கிட்டு நிக்கறதுதான் நம்பிக்கைன்னு எங்க அத்தா சொல்வாரு. நானும் நின்னுக்கிட்டிருக்கேன். தோளு வலிக்குது, கேன எங்க எறக்க?"

காளியப்பனுக்கு அந்த வேளையிலும் சிரிப்பு வந்தது. கேனை வாங்கி இறக்கினான். எதிர்வீட்டுப் பழனியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பேரனும் அந்தப் பதினாலு பேரில் ஒருவன்.

"ஏங் காளியப்பா, ஊருக்கே ஊத்திக் குடுத்துப்போட்டு நீ மட்டும் கேன்ல வாய வெக்கறயாக்கும்?"

"நீயும் குடிக்காதீக்கா. அதத்தான தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டு இருக்கறன்."

"குடிக்காட்டி? உன்ற பாய் அறுபது ஊட்டுக்கும் பைக்குல கொண்டாந்து ஊத்துவாரா?"

தோட்டத்துக் கிணறு நாலு வீட்டுக்கே காணாது. பல்லைக் காவியேற்றாத அந்த உப்புக் கிணற்றைத் திரும்பத் தோண்டலாம், மூன்று மாதம் வேலை. ஆனால் போர் ஓடுகிறவரைக்கும் ஒருவரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். மோட்டாரை நிறுத்தினால்தான் தோண்டுவார்கள். பச்சைப் பித்தானை அழுத்தினால் தண்ணீர் வருகிறபோது தோண்டச் சொன்னால் எவன் வருவான்?

கோயிலில் ஊரைக் கூட்டினான். வாத்தியாரின் மஞ்சள் குழாயைக் காட்டினான். டாக்டர் போட்ட படத்தைக் காட்டினான். அங்கமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"புள்ளைகளப் பாத்தா எனக்கும் வயிறு எரியுது காளியப்பா. ஆனா அவங்கவங்க வினையின்னு ஒண்ணு இருக்குதல்லோ? பொறக்கும்போதே கொண்டாந்தது."

"வினைன்னா ஊரெல்லாம் கலந்து வரோணுமுங்க பெரீப்பா. மேக்கு வீதில நாலு ஊட்டுக்கு நம்ம கொழா போவல. அங்க ஒரு புள்ளைக்குக்கூடப் பல்லு காவியேறல. வினை எப்பிடிங்க பைப் லைனப் புடிச்சுட்டு வருது?"

கூட்டம் சிரித்தது. அங்கமுத்துவும் சிரித்துவிட்டார். "கெட்டிக்காரன்டா நீ. ஆனா ஒண்ணக் கேளு. அந்த நாலு ஊட்டுக்குக் கொழா போவாம நின்னுதே, அது அவங்க பண்ணுன நல்ல வினை."

எந்தப் பக்கம் அடித்தாலும் சுத்தியல் உள்ளே இறங்காத பாறையைக் காளியப்பன் தன் தொழிலில் பார்த்ததில்லை.

"அம்மன் குடுத்தத மூடோணும்னா அம்மனத்தான் கேக்கோணும்" என்றார் அங்கமுத்து. "வெள்ளிக்கிழம காலைல பூ வெச்சுக் கேப்போம். வெள்ள வந்தா அன்னைக்கே மோட்டார நிறுத்தி, கெணத்துக்கு ஊட்டுக்கு ஓராளு மம்பிட்டி எடுத்தர்றோம். சரிதானுங்க?"

எல்லோரும் சரி என்றார்கள். பழனியம்மாள்கூட.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அங்காளம்மாள் குளித்து ஈரத்தலையோடு பூப் பறித்துவந்தாள். வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு. ஒன்று வாடினால் இருக்கட்டும் என்று எப்போதும் இரண்டிரண்டாகத்தான் பறிப்பாள். காளியப்பன் கூடத்தில் உட்கார்ந்து வாழையிலையைக் கிழித்தான். துண்டு இரண்டும் ஒரே அளவு, மடிப்பு ஒன்றுபோல, முடிச்சும் ஒன்றுபோல. விரல் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கூடாது. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிற கை.

கையில் இரண்டு வெள்ளைப் பூ இருந்தது. வைத்துவிட்டால் முடிந்தது. மதியத்துக்குள் மோட்டார் நின்றுவிடும்.

"ஏனுங்க" என்றாள் அங்காளம்மாள் நார் கிழித்தபடி, "ஆத்தா இந்தத் தடவ நல்லதுதான் சொல்லுவா. நாம அவளுக்கு ஒரு குத்தமும் பண்ணலியே. தீச்சட்டி எடுக்கறன்னு வேற வேண்டியிருக்கறன்."

அவன் கை நின்றது. போன தடவை இதே கைதான். போன தடவையும் நல்லதற்குத்தான். நல்லதற்கென்று அம்மன் வாயில் தன் சொல்லைத் திணித்ததுதான் பிள்ளையின் காலில் இறங்கியது என்றால், அதையே மறுபடி செய்துவிட்டு எந்த முகத்தோடு அவளிடம் போய் நிற்பது? இந்தத் தடவை அவள் வாயை அவளுக்கே விட்டுவிடுவோம். ஒருவேளை அவள் ஆறு வருடமாகக் காத்திருப்பது இதற்காகத்தானோ என்னவோ. பரிகாரம் என்று ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஒரு இலையில் வெள்ளையை வைத்தான். இன்னொன்றில் சிவப்பை வைத்தான். கட்டி முடித்ததும் நெஞ்சு லேசானது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

கோயிலில் ஊர் முழுக்க நின்றது. ரவூப் கேனோடு வந்தவன் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தி நின்றுகொண்டான். அங்கமுத்து தட்டைக் குலுக்கி அம்மன் முன்னால் வைத்தார். கற்பூரம் ஏற்றினார்கள்.

"போ சாமி, கும்புட்டுப்போட்டு ஒண்ண எடு."

தீபிகா நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் முழங்காலில் உரசிப் பாவாடை முறுக்கிக்கொண்டது. தட்டின் முன் குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அங்கமுத்து நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

ஒரு பெருமூச்சு கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது. அது துக்கமா நிம்மதியா என்று சொல்ல முடியாது. பழனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அங்கமுத்து பூவை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "ஆத்தா வேண்டாம்னுட்டா."

"நில்லுங்க!" காளியப்பனின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "போன தடவ ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேன். கேக்குதுங்களா? ரெண்டும் வெள்ள! அம்மன் ஒண்ணும் குடுக்கல. நான் பண்ணுன பித்தலாட்டம் அது. அந்தப் போர மூடிப்போடுங்க."

அங்காளம்மாள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இவ்வளவு நாளாகத் தேடிய பொருள் வீட்டிலேயே இருந்ததைக் கண்டவள் போல இருந்தது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கமுத்து அவனருகே வந்து தோளில் கை வைத்தார். அடிப்பார், காறித் துப்புவார் என்று காத்திருந்தான் காளியப்பன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"பைத்தியக்காரா" என்றார் அவர், மெதுவாக, உண்மையான வாஞ்சையோடு. "உன்னைய அப்பிடி வெக்கச் சொன்னதும் அவதானடா. இல்லீன்னா தொள்ளாயிரம் அடில தண்ணி வந்திருக்குமா? ரெண்டும் வெள்ளன்னா ரெண்டு மடங்கு சம்மதம்னு அர்த்தம். போ, போயி கீழ உக்காந்துட்ட உன்ற அம்மிணியத் தூக்கி உடு."

"சரியாத்தான சொல்றாரு" என்றது ஒரு குரல். "பாவம், புள்ள கவலைல என்னென்னமோ பேசறான்" என்றது இன்னொன்று. யாரும் அவனைத் திட்டவில்லை. ஒருவர் விபூதி பூசிவிட்டார். ஒவ்வொருவராகக் கலைந்து வீட்டுக்குப் போனார்கள், குடம் எடுத்து வர. தண்ணீர் விடும் நேரம் ஆகியிருந்தது.

காளியப்பன் கோயில் படியில் உட்கார்ந்தான். தீபிகா வந்து, காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். வேப்பமரத்தடியில் ரவூப் கேனை இறக்கிவைத்துவிட்டு இந்தப் பக்கம் வராமல் நின்றிருந்தான்.

"ஏப்பா, நான் தப்பா எடுத்துட்டனா?"

"இல்ல சாமி." எப்படி என்று சொல்ல அவனுக்குத் தெரியும், அதனால் சொன்னான். "ரெண்டு பொட்டலம். ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. எதத் தொட்டாலும் பாதிக்குப் பாதி. நீ எடுத்ததுல உன்ற தப்பு ஒண்ணுமில்ல."

அவள் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அப்பாவைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. கோயில் நிலத்தின் மூலையில் யாரோ ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"போன தடவ ரெண்டும் வெள்ள வெச்சயே" என்றாள். "இந்தத் தடவ ஏம்ப்பா வெக்கல?"

மோட்டார் முனகி எழுந்தது. குழாய் முதலில் காற்றைத்தான் கக்கும், கொஞ்சநேரம் இருமும், அப்புறம்தான் தண்ணீர். ஏன் அப்படி என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். குழாய் இருமி முடிப்பதற்குள் ஏதாவது சொல்லிவிடவேண்டும்போல இருந்தது. முதல் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அவன் வாய் திறந்தபடியே இருந்தது.